அவ்வப்போது நிற்கும் பேட்டரி கார்: ஒளிந்திருக்கும் மின்கோளாறைக் கண்டறியும் முறை

கோல்ஃப் மைதானங்களுக்காக உருவாக்கப்பட்டு, இன்று கோயில், ரயில் நிலையம், மருத்துவமனை, உயிரியல் பூங்கா, தொழிற்சாலை எனப் பல வளாகங்களில் முதியோரையும் நடக்க இயலாதோரையும் ஏற்றிச் செல்லும் சிறு மின்வண்டி, தமிழ்நாட்டில் பேட்டரி கார் என்ற பெயரில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. முற்றிலும் நின்றுபோன பேட்டரி காரைப் பழுதுபார்ப்பது ஒப்புநோக்க எளிது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகமிழந்து, குலுங்கி, நின்று, சற்று நேரத்தில் தானாகவே உயிர்பெற்று, பணிமனைக்குக் கொண்டுவந்தவுடன் எந்தக் குறையும் இல்லாததுபோல் ஓடிக்காட்டும் வண்டியே மெக்கானிக்கையும் உரிமையாளரையும் ஒருங்கே அலைக்கழிக்கிறது. இவ்வகைக் கோளாறு தோன்றும்போது பேட்டரியையோ கன்ட்ரோலரையோ ஊகத்தின்பேரில் மாற்றிவிடுவதும், பெரும்பணம் செலவான பிறகும் பழைய குறை திரும்பி வருவதும் பல இடங்களில் நேர்கின்றன. இந்தக் கோளாறுகள் ஏன் மறைந்து மறைந்து தோன்றுகின்றன என்பதற்குத் தெளிவான இயற்பியல் காரணம் உண்டு; அந்தக் காரணத்தை அறிந்துகொண்டால், எளிய கருவிகளைக் கொண்டே அவற்றை வெளிக்கொணர முடியும்.

தருமபுரி மாவட்டத்தின் அதியமான்கோட்டை இந்தப் பொருளைப் பற்றிப் பேசுவதற்குப் பொருத்தமான ஊர். சங்ககாலத் தகடூரை ஆண்ட அதியமான்களின் பெயரைத் தாங்கிய இவ்வூரில்தான், பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து, பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூருக்குச் செல்லும் 844ஆம் எண் நெடுஞ்சாலை பிரிகிறது. அச்சாலை சென்றடையும் ஓசூரில் மின்ஸ்கூட்டர்களும் ஈய அமில பேட்டரிகளும் தயாராகின்றன. அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் போச்சம்பள்ளிப் பகுதியில் மற்றொரு பெரிய மின்ஸ்கூட்டர் ஆலை இயங்குகிறது. மின்வண்டி செய்யும் திறன் இந்த வட்டாரத்தில் வேரூன்றிவிட்ட அளவுக்கு, அதை முறையாகப் பழுதுபார்க்கும் அறிவும் சாலையோரப் பணிமனைவரை பரவ வேண்டியது இன்றைய தேவை. மேலும், இவ்வட்டாரத்தின் வெயிலும், ஏற்ற இறக்கமான நிலமும், உப்பு மிகுந்த நிலத்தடி நீரும் பேட்டரி காரின் நலத்தோடு நேரடித் தொடர்பு உடையவை என்பது பின்னர் விளங்கும்.

வண்டியின் வரலாறும் அமைப்பும்

மின்சாரத்தால் ஓடும் கோல்ஃப் வண்டிகள் அமெரிக்காவில் 1950களில் வணிக முறையில் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் பெங்களூரைச் சேர்ந்த மைனி குழுமம் இவ்வகை வண்டிகளைத் தயாரித்து வந்ததோடு, அதே குடும்பத்தைச் சேர்ந்த சேத்தன் மைனியின் முயற்சியில் 2001ஆம் ஆண்டு ரேவா என்னும் மின்காரும் விற்பனைக்கு வந்தது. ஆறு வோல்ட் பேட்டரிகள் எட்டைத் தொடராக இணைத்து 48 வோல்ட் பெற்ற தொடக்ககால ரேவாவின் மின்னமைப்பும், கோல்ஃப் வண்டியின் மின்னமைப்பும் அடிப்படையில் ஒன்றே. இன்று சென்னை சென்ட்ரல் நிலையத்தின் நடைமேடைகளிலும், திருவரங்கம் கோயிலைச் சுற்றியும், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும், தனியார் வாகனங்கள் தடைசெய்யப்பட்ட பழநி கிரிவலப் பாதையிலும் ஓடும் வண்டிகள் அந்த மரபின் தொடர்ச்சியாகும்.

பேட்டரி காரின் மின்னமைப்பை இரண்டு சுற்றுகளாகப் பிரித்துப் பார்ப்பது கோளாறைத் தேடும் வேலையைப் பாதியாகக் குறைக்கும். முதலாவது, பேட்டரித் தொகுப்பிலிருந்து புறப்பட்டுத் தடித்த கேபிள்கள், சொலினாய்டு, கன்ட்ரோலர் வழியாக மோட்டாரை அடைந்து திரும்பும் விசைச்சுற்று. இதில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாயக்கூடும். இரண்டாவது, சாவி, முன்பின் சுவிட்ச், ஆக்சிலரேட்டர் மிதியின் அடியிலுள்ள மைக்ரோ சுவிட்ச், மிதியின் நிலையை அளக்கும் உறுப்பு ஆகியவை அடங்கிய கட்டுப்பாட்டுச் சுற்று; இதில் பாய்வது மிகச் சிறிய மின்னோட்டமே. சொலினாய்டு என்பது சிறு மின்னோட்டத்தால் காந்தமாகி, பெருமின்னோட்டத்துக்கான செம்புத் தொடுமுனைகளை மூடித்தரும் பெரிய சுவிட்ச் ஆகும். கன்ட்ரோலர் என்பது ஓட்டுநர் மிதியை அழுத்தும் அளவுக்கேற்ப மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை அளந்து விடும் மின்னணுப் பெட்டி ஆகும். பெரும்பாலான வண்டிகளில் மிதியை அழுத்தியதும் கேட்கும் 'டக்' என்ற ஒலி சொலினாய்டு மூடுவதால் எழுவது. சில புதிய வகைகளில் சாவியைத் திருப்பியவுடனே அது மூடிக்கொள்ளும்.

இந்த ஒலியே முதல் தடயம். வண்டி நின்ற நேரத்தில் மிதியை அழுத்தும்போது ஒலி கேட்டும் வண்டி நகரவில்லை என்றால் விசைச்சுற்றிலோ மிதியின் நிலையை அளக்கும் உறுப்பிலோ தேட வேண்டும். ஒலியே எழவில்லை என்றால் சாவி, சுவிட்சுகள், சொலினாய்டின் சுருள் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே வண்டியைப் பணிமனையில் விடும்போது "நின்றுவிடுகிறது" என்று மட்டும் சொல்லாமல், நின்ற நேரத்தில் ஒலி கேட்டதா, ஏற்றத்திலா சமதரையிலா, காலையிலா பிற்பகலிலா, எத்தனை பேர் ஏறியிருந்தார்கள், எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் ஓடியது என்பவற்றையும் ஓட்டுநர் குறித்துத் தருவது பெரிதும் உதவும்.

கோளாறு ஏன் ஒளிந்துகொள்கிறது?

ஜெர்மானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட விதியின்படி, ஒரு மின்தடையின் இரு முனைகளுக்கு இடையே இழக்கப்படும் வோல்டேஜ், அதன்வழியே பாயும் மின்னோட்டத்தையும் அத்தடையின் அளவையும் பெருக்கினால் கிடைப்பதாகும். துருவேறியோ தளர்ந்தோ போன ஒரு பேட்டரி டெர்மினலின் மின்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு எனக் கொள்ளலாம். சமதரையில் 20 ஆம்பியர் பாயும்போது அந்த இணைப்பில் இழக்கப்படுவது 0.2 வோல்ட்டே, அங்கு எழும் வெப்பம் 4 வாட். அதே வண்டி ஏற்றத்தில் புறப்படும்போது 200 ஆம்பியர் பாய்ந்தால் இழப்பு 2 வோல்ட்டாகவும் வெப்பம் 400 வாட்டாகவும் உயரும். மின்னோட்டம் பத்து மடங்காகும்போது வெப்பம் நூறு மடங்காவதால், சமதரையில் தெரியாத குறை ஏற்றத்தில் டெர்மினலை உருக்கும் அளவுக்கு வளர்கிறது. பாதி அடைபட்ட குழாயில் நீர் சொட்டும்போது அடைப்பு தெரியாமல், முழு வேகத்தில் திறக்கும்போதுதான் தெரிவதற்கு இது ஒப்பாகும். வண்டி நிற்கும்போது மின்னோட்டமே இல்லாததால் அந்த இணைப்பில் மல்டிமீட்டர் எந்த இழப்பையும் காட்டாது. மின்தடையை நேரடியாக அளக்க முயன்றாலும், இவ்வளவு சிறிய தடை மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடைக்குள்ளேயே மறைந்துபோகும்.

நிலத்தின் சாய்வு இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பயணிகளோடு 900 கிலோ எடையுள்ள ஒரு வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் செல்ல, உராய்வை மட்டும் வெல்வதற்கு 48 வோல்ட்டில் ஏறத்தாழ 20 ஆம்பியர் போதும். இருபது அடிக்கு ஓரடி உயரும் சரிவில் அதே வேகத்தில் ஏற வேண்டுமானால் 90 ஆம்பியர் அளவுக்குத் தேவைப்படும். அதியமான்கோட்டைக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாயை நோக்கிச் சரியும் இந்த மேட்டுநிலப் பகுதியில், முழுச் சமதளமான வளாகம் அமைவது அரிது. ஆகவே பணிமனையின் சிமெண்டுத் தரையில் ஓடிக்காட்டும் வண்டி, வளாகத்தின் மேட்டில் நின்றுபோவது வியப்புக்குரியதன்று.

மின்சுமையோடு வெப்பமும் அதிர்வும் ஈரமும் சேர்ந்து கோளாறை மறைக்கின்றன. சூடேறும்போது உலோகம் விரிவதால் விரிசல் விட்ட பற்றவைப்பு திறந்துகொள்ளும். ஆறியபின் மீண்டும் தொட்டுக்கொள்ளும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும் அதிர்வில் தளர்ந்த இணைப்பான் ஒரு கணம் விலகும். வண்டி கழுவிய பிறகு நீர் புகுந்த சுவிட்ச், காய்ந்ததும் சரியாகிவிடும். எனவே கோளாறு எந்தச் சூழலில் தோன்றுகிறதோ அந்தச் சூழலை மீண்டும் உருவாக்கி, அந்த நேரத்தில் அளப்பதே இந்த வேலையின் அடிப்படை நெறி.

தொடுவதற்கு முன் பாதுகாப்பு

நாற்பத்தெட்டு வோல்ட் உடலைத் தாக்கும் ஆற்றலில் வீட்டு மின்சாரத்துக்கு ஈடாகாது என்றாலும், பேட்டரித் தொகுப்பு குறுக்கிணைப்பானால் ஸ்பானரையே உருக்கும் மின்னோட்டத்தை அது தரும். மோதிரம், கைக்கடிகாரம், உலோகக் காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, பிடிக்கு மேல் மின்காப்பு நாடா சுற்றிய கருவிகளைப் பயன்படுத்த வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஈய அமில பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன், காற்றில் நான்கு விழுக்காடு கலந்தாலே தீப்பற்றக்கூடியது என்பதால், இருக்கையைத் திறந்து காற்றோட்டம் தந்த பிறகே இணைப்புகளைத் தொட வேண்டும். அமிலத்துக்காகக் கண்ணாடியும் கையுறையும் தேவை. வண்டியில் ஓட்டம், இழுவை என இரு நிலைகள் கொண்ட சுவிட்ச் இருந்தால், கேபிள்களைக் கழற்றுவதற்கு முன் அதை இழுவை நிலைக்கு மாற்ற வேண்டும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் மின்தேக்கிகளில் தங்கிய மின்சாரம் வடியவும் சற்று நேரம் கொடுக்க வேண்டும். சக்கரங்களைத் தூக்கி நிறுத்திச் சோதிக்கும்போது வண்டி ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக அமர்ந்திருப்பதும், முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருப்பதும் இன்றியமையாதவை.

பேட்டரி: ஓய்விலும் சுமையிலும்

எட்டு வோல்ட் பேட்டரிகள் ஆறு கொண்ட 48 வோல்ட் தொகுப்பில் மொத்தம் 24 செல்கள் உள்ளன. முழுதாக சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த நிலையில், ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2.12 வோல்ட் வீதம் தொகுப்பு 51 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். பாதி தீர்ந்த நிலையில் 48.4 வோல்ட் அளவுக்கு இறங்கும். பெயரளவில் 48 வோல்ட் என்பதால், மீட்டரில் 48 என்று கண்டதும் பேட்டரி நிறைந்திருக்கிறது என முடிவுசெய்வது பரவலாகக் காணப்படும் பிழை.

ஓய்வு நிலை அளவீடு சரியாக இருந்தாலும் பேட்டரி நலமாக இருக்கிறது என்று அதைக்கொண்டு மட்டும் சொல்ல இயலாது. தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, வேதிவினைக்கு உதவும் பரப்பு சுருங்கிப்போன பேட்டரியும் ஓய்வில் நல்ல வோல்டேஜையே காட்டும். ஆகவே நீண்ட கம்பிகளை இணைத்து மீட்டரை ஓட்டுநர் இருக்கை அருகே கொண்டுவந்து, வழக்கமான பயணிச் சுமையோடு ஏற்றத்தில் ஓட்டியவாறு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஓட்டுபவர் ஒருவரும் அளப்பவர் ஒருவரும் இதற்குத் தேவை. எடுத்துக்காட்டாக, ஐந்து பேட்டரிகள் 7.7 வோல்ட் அளவில் நிற்க, ஒன்று மட்டும் 5.5 வோல்ட்டுக்குச் சரிந்தால், அதனுள் ஒரு செல் செயலிழந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்நிலையில் மொத்த வோல்டேஜ் 44 மட்டுமே. சுமை இன்னும் கூடினால் அது மேலும் சரியும். கன்ட்ரோலர் எந்த வோல்டேஜுக்குக் கீழ் மின்சாரத்தைக் குறைக்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்றாலும், ஒரு செல்லுக்கு 1.75 வோல்ட் என்ற வழக்கமான கணக்கில் 24 செல்களுக்கு 42 வோல்ட் வருகிறது. அந்த எல்லையைத் தொட்டதும் வண்டி தளர்ந்து நிற்கும்.

நின்ற வண்டி சில நிமிடங்களில் மீண்டும் ஓடுவதற்கும் விளக்கம் உண்டு. பெருமின்னோட்டம் பாயும்போது தகடுகளின் நுண்துளைகளில் உள்ள அமிலம் விரைவாகத் தீர்ந்துபோகிறது. ஓய்வு கிடைத்ததும் சுற்றியுள்ள அமிலம் மெல்லப் பரவி உள்ளே புகுவதால் வோல்டேஜ் மீள்கிறது. ஆனால் சூடேறிய கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைக் குறைத்து, ஆறிய பின் மீண்டும் முழு அளவில் தரும்போதும் வெளியில் தெரியும் அறிகுறி ஏறத்தாழ இதுவேயாகும். இரண்டையும் பிரித்தறிய, நிற்கும் அந்தக் கணத்தில் தொகுப்பின் வோல்டேஜைப் பார்த்தால் போதும். வோல்டேஜ் சரிந்திருந்தால் பேட்டரியையோ கேபிள் இணைப்பையோ ஐயுற வேண்டும். வோல்டேஜ் நன்றாக இருந்து, கன்ட்ரோலரின் உறை தொடமுடியாத அளவுக்குச் சுட்டால் அதன் வெப்பம் வெளியேறும் வழியையும், இறுகிப்போன பிரேக் போல மோட்டாரைத் தேவையின்றி உழைக்கவைக்கும் குறைகளையும் பார்க்க வேண்டும்.

நீர் ஊற்றும் வகை பேட்டரிகளில் ஹைட்ரோமீட்டர், அதாவது அமிலத்தின் ஒப்படர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி, ஒவ்வொரு செல்லின் நிலையையும் தனித்தனியே சொல்லிவிடும். முழுதாக சார்ஜ் ஏறிய செல்லில் 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 1.265 முதல் 1.280 வரை காணப்படுவது வழக்கம். செல்களுக்கு இடையே வேறுபாடு 0.050ஐ எட்டுமானால், குறைந்து காட்டும் செல் ஐயத்துக்குரியது. புதிதாக நீர் ஊற்றியவுடன் அளந்தால், நீர் இன்னும் கலக்காததால் அளவீடு தவறாகக் குறைந்து காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஐயத்துக்குரிய பேட்டரியைத் தொகுப்பில் வேறோர் இடத்துக்கு மாற்றி மீண்டும் சோதிப்பதும் நல்ல வழி. குறை பேட்டரியோடு சேர்ந்து இடம்பெயர்ந்தால் பேட்டரியே காரணம். பழைய இடத்திலேயே தங்கினால் அங்குள்ள கேபிளோ இணைப்போ காரணம்.

சில வளாகங்களில் விளக்கு, ஒலிபெருக்கி, மின்விசிறி ஆகியவற்றுக்கான 12 வோல்ட் மின்சாரத்தை, தொகுப்பிலுள்ள ஒன்றிரண்டு பேட்டரிகளிலிருந்து மட்டும் எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பேட்டரிகள் மற்றவற்றைவிட விரைவாகத் தீர்ந்து, ஆனால் அவற்றோடு ஒரே அளவு சார்ஜ் மட்டும் பெற்று, நாளடைவில் தொகுப்பின் நலிந்த கண்ணிகளாகின்றன. முழுத் தொகுப்பிலிருந்தும் மின்சாரம் எடுத்து 12 வோல்ட்டாகக் குறைத்துத்தரும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்துவது இந்தச் சிக்கலை அடியோடு நீக்கும்.

லித்தியம் பேட்டரி பொருத்திய வண்டிகளில் நிலை வேறு. அங்கே செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். என்னும் காவல் சுற்று, ஏதேனும் ஒரு செல்லின் வோல்டேஜ் எல்லை மீறினாலும், மின்னோட்டமோ வெப்பமோ அளவு கடந்தாலும், முழுத் தொகுப்பையும் ஒரே நொடியில் துண்டித்துவிடும். வேகம் படிப்படியாகக் குறையாமல் வண்டி சட்டென்று உயிரிழந்து, சாவியை அணைத்துப் போட்டதும் மீண்டும் ஓடுமானால், பி.எம்.எஸ். பதிவுகளைச் செயலியிலோ தயாரிப்பாளரின் கருவியிலோ படித்துப் பார்ப்பதே முதல் வேலை.

கேபிளும் சொலினாய்டும்

பேட்டரிகள் நலமாக இருப்பது உறுதியான பிறகு விசைச்சுற்றின் ஒவ்வோர் இணைப்பையும் வோல்டேஜ் இழப்புச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈய டெர்மினலிலும் மறுமுனையை அதில் பொருந்திய கேபிள் லக்கிலும், அதாவது கேபிள் நுனியின் உலோக வளையத்திலும், வைத்து, வண்டி சுமையோடு இழுக்கும்போது பார்த்தால், நல்ல இணைப்பில் அளவீடு சுழியை ஒட்டியே இருக்கும். ஒரே அளவுள்ள பல இணைப்புகளுள் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பன்மடங்கு காட்டினால் அதுவே குற்றவாளி. பயணம் முடிந்தவுடன் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒவ்வொரு டெர்மினலையும் பார்த்தாலும், தடை மிகுந்த இணைப்பு சூட்டால் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஈயம் மென்மையான உலோகம் என்பதால், இறுக்கிய நட்டின் அழுத்தத்தில் அது மெல்ல நகர்ந்து கொடுத்து, சில வாரங்களில் இணைப்பு தானாகவே தளர்ந்துவிடும். தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு அவ்வப்போது மீண்டும் இறுக்குவது ஆகவே தேவைப்படுகிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் டெர்மினலே விரிசல் விடும். கேபிள் லக் ஈயப் பரப்பின்மேல் நேரடியாகப் படிய வேண்டும். வாஷர்கள் லக்குக்கு மேலேதான் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே வாஷர் வைத்துவிட்டால், செம்பைவிட மின்கடத்தும் திறன் மிகவும் குறைந்த எஃகின் வழியே முழு மின்னோட்டமும் பாய்ந்து சூடேறுகிறது. வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் கேபிளின் உறைக்குள் அமில ஆவி ஊடுருவிச் செம்பு இழைகள் பச்சை பூத்துப் போயிருப்பதும் உண்டு. லக்கின் அருகே கேபிள் விறைத்தோ உப்பியோ இருந்தால் அதை மாற்றுவதே தகும்.

சொலினாய்டு 'டக்' என்று மூடினாலும் அதன் தொடுமுனைகள் மின்பொறியால் அரிக்கப்பட்டிருந்தால் மின்சாரம் சரிவரக் கடக்காது. மூடிய நிலையில், சுமை இருக்கும்போது, இரு பெரிய முனைகளுக்கும் இடையே வோல்டேஜ் இழப்பு ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்குகளுக்கு மேல் போனால் அதை மாற்ற வேண்டும். அம்முனைகளுக்குக் குறுக்கே பல வண்டிகளில் ஒரு மின்தடை பொருத்தப்பட்டிருக்கும். சொலினாய்டு மூடுவதற்கு முன்பே கன்ட்ரோலரின் மின்தேக்கிகளை மெதுவாக நிரப்பி, மூடும் கணத்தில் பெரும்பொறி எழாமல் காப்பது அதன் பணி. அந்தத் தடை அறுந்துபோனதைக் கவனிக்காமல் சொலினாய்டை மட்டும் மாற்றினால், புதியதும் விரைவில் அரிக்கப்படும்.

சிறு சுவிட்சுகளும் மிதியும்

கட்டுப்பாட்டுச் சுற்றைச் சோதிக்க, மீட்டரின் எதிர்முனையைத் தொகுப்பின் எதிர்முனையில் நிலையாகப் பொருத்திவிட்டு, நேர்முனையை சாவி, முன்பின் சுவிட்ச், மிதியின் மைக்ரோ சுவிட்ச், சொலினாய்டின் சுருள் என வரிசையாக நகர்த்திக்கொண்டே செல்ல வேண்டும். எந்த இடத்துக்கு அப்பால் வோல்டேஜ் மறைகிறதோ அந்த இடத்தில்தான் அறுப்பு உள்ளது. கோளாறு தலைகாட்டாத நேரத்தில் எல்லாமே சரியாக இருக்கும் என்பதால், இணைப்பான்களை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்தும், சுவிட்சைப் பலமுறை இயக்கியும், கம்பிக்கட்டு வளையும் இடங்களை அழுத்தியும் பார்க்க வேண்டும். முன்பின் சுவிட்ச் ஒரு நாளில் எண்ணற்ற முறை மாற்றப்படும் நடைமேடை வண்டிகளில் அதன் தேய்மானத்துக்குத் தனிக்கவனம் தேவை.

மிதியின் நிலையை அளக்கும் உறுப்பு பல வண்டிகளில் பொட்டன்ஷியோமீட்டர் ஆகும். சிலவற்றில் காந்த உணரி இருக்கும். பொட்டன்ஷியோமீட்டரின் தடைப்பட்டை ஓரிடத்தில் தேய்ந்துபோனால், மிதி அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் வண்டி வெட்டியிழுக்கும். பூச்சியத்திலிருந்து 5,000 ஓம் வரை மாறும் வகையானால், மிதியை மிக மெதுவாக அழுத்தும்போது தடை சீராக ஏற வேண்டும். எண்கள் தாவும் டிஜிட்டல் மீட்டரைவிட, முள் நகரும் பழைய மீட்டர் இந்தச் சோதனைக்கு மிகவும் உகந்தது, ஏனெனில் முள்ளின் சிறு துள்ளலும் கண்ணுக்குத் தப்பாது. மோட்டாரின் முனையில் உள்ள வேக உணரியின் கம்பி தளர்ந்தாலும் வண்டி குலுங்கும், அல்லது பாதுகாப்புக்காகத் தவழும் வேகத்துக்கு இறங்கிவிடும். நேர்மின்னோட்ட மோட்டாராக இருந்தால் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, மோட்டார் ஒரு குறிப்பிட்ட நிலையில் நிற்கும்போது மட்டும் புறப்பட மறுப்பதும் உண்டு.

கன்ட்ரோலரில் மின்னும் பிழைக்குறி விளக்கு இருந்தால், அது எத்தனை முறை மின்னுகிறது என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முதலிலேயே செய்யத்தக்கது. ஆனால் குறைந்த வோல்டேஜ் என்று கன்ட்ரோலர் அறிவிப்பதைக் கண்டு கன்ட்ரோலரையே பழுதென முடிவுசெய்யக் கூடாது. அதற்கு வந்துசேரும் வோல்டேஜ் குறைவு என்பதை மட்டுமே அது சொல்கிறது. இருப்பதிலேயே விலை மிகுந்த உறுப்புகளுள் ஒன்றான கன்ட்ரோலரை, அதற்குள் செல்லும் அனைத்தும் சரியாக இருந்தும் வெளிவருவது தவறாக இருக்கிறது என்பது அளந்து நிறுவப்பட்ட பிறகே மாற்ற வேண்டும்.

நீரும் வெயிலும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால் மக்கள் பட்ட துன்பமும், ஜப்பானிய நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் பலரும் அறிந்தவை. குடிப்பதற்கு உகந்ததாக மாறிய நீர்கூட பேட்டரிக்கு உகந்ததாகிவிடாது. குழாய் நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கரைந்துள்ள குளோரைடும் இரும்பும் தகடுகளை அரிப்பதோடு, ஓய்வில் இருக்கும்போதே பேட்டரி தானாகத் தீர்ந்துபோகும் வேகத்தையும் கூட்டும். பேட்டரியில் ஆவியாவது தூய நீர் மட்டுமே என்பதால், ஊற்ற ஊற்ற உப்புகள் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே காய்ச்சி வடித்த நீரை மட்டுமே, தகடுகள் மூழ்கிய நிலையில், சார்ஜ் முடிந்த பிறகு குறித்த அளவுவரை ஊற்ற வேண்டும்.

கோடையில் 38 டிகிரியைத் தாண்டும் வெயிலில் வண்டியை நிறுத்தி வைப்பதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. இயங்கும் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது துறையினர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் சார்ஜ் செய்வதும், ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் முழுதாக சார்ஜ் ஏற்றுவதும், பாதி தீர்ந்த நிலையில் நாள்கணக்கில் விட்டுவைக்காததும் சல்பேட் கெட்டிப்படுவதைத் தடுக்கும். மாதம் ஒருமுறை சமையல் சோடா கரைத்த நீரால் டெர்மினல்களின் அமிலப் படிவைத் துடைத்து, அந்த நீர் செல்லுக்குள் இறங்காமல் காத்து, உலர்த்தி, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

அளந்தபின் மாற்றுதல்

இதுவரை விளக்கியவற்றை வரிசைப்படுத்தினால், ஓட்டுநரின் குறிப்பைக் கேட்டறிதல், பிழைக்குறியைப் படித்தல், கண்ணால் பார்த்தும் இறுக்கியும் சரிபார்த்தல், ஓய்வில் அளத்தல், சுமையோடு ஒவ்வொரு பேட்டரியையும் அளத்தல், இணைப்புகளின் வோல்டேஜ் இழப்பை அளத்தல், கட்டுப்பாட்டுச் சுற்றைப் படிப்படியாகத் தொடர்தல் என்ற ஒழுங்கு கிடைக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதன் விளைவைச் சோதித்து, தேதியோடு குறித்து வைத்தால்தான் எது கோளாறை நீக்கியது என்பது உறுதியாகும். பலவற்றையும் ஒருசேர மாற்றிவிட்டு வண்டி ஓடுவதைக் கண்டு நிறைவடைந்தால், அடுத்த முறை தேடலை மீண்டும் தொடக்கத்திலிருந்தே நடத்த வேண்டிவரும். இந்தச் சோதனைகளுக்குத் தேவைப்படுபவை ஒரு மல்டிமீட்டர், நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஹைட்ரோமீட்டர், அகச்சிவப்பு வெப்பமானி, சில மீட்டர் நீளக் கம்பி, ஒரு குறிப்பேடு ஆகியவையே. இவற்றின் மொத்த விலை ஒரு பேட்டரித் தொகுப்பின் விலையில் சிறு பகுதிதான்.

தேய்பிறை அட்டமியன்று அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் கூடுவதைப் போன்ற பெருங்கூட்டத்தின் நடுவிலோ, அரசு மருத்துவமனையின் நீண்ட வளாகத்திலோ நின்றுபோகும் பேட்டரி காரில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் இறங்கி நடக்க இயலாதவர் என்பதை வண்டியை இயக்கும் நிறுவனங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்வண்டிப் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு, சுமையோடு அளக்கும் இந்தச் சோதனைகளைச் செய்முறைப் பயிற்சியாகவே கற்றுத்தருவதும், ஒவ்வொரு வண்டிக்கும் பேட்டரி அளவீடுகளைக் குறிக்கும் ஏடு ஒன்றைக் கட்டாயமாக்குவதும் பெரும் முதலீடு வேண்டாத நடவடிக்கைகள். மாதந்தோறும் ஒவ்வொரு பேட்டரியின் சுமைநிலை வோல்டேஜ் எழுதப்பட்டுவரும் ஏட்டில், நலிவடையும் பேட்டரி வண்டியை நிறுத்துவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தன் சரிவைக் காட்டிவிடும். அதைப் படித்துச் செயல்படுவோர் இருந்தால், பயணி நடுவழியில் காத்திருக்க வேண்டிய நிலையே எழாது.